கறுப்புக் கோட்டும் கலர் தண்ணியும்

கிரிமினல் வக்கீல்னா கத்தி, ரத்தம், பொய்ச்சாட்சி என்றுதானே நினைப்பீர்கள்? திருப்பூர் வந்து பாருங்க சார்! கேஸ் கட்டைப் பிரித்தால் உப்புக் கணக்கு. 1974 தண்ணீர்ச் சட்டம், சாயக்கழிவை ஆற்றில் விடுவதை ஜெயில் சமாச்சாரமாக்கியது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்புதான் எல்லைக்கோடு. பி.காம். படித்த எனக்கு டெபிட், கிரெடிட்டே தகராறு. இந்த வக்கீலுக்கோ சட்டத்தோடு லேப் ரிப்போர்ட்டும் படிக்கத் தெரியணும்.

நொய்யல் விவசாயிகளின் வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம், சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேல்! வேலை போனது தொழிலாளிக்கு. அதற்கு முன்பே வயல் போயிருந்தது, ஓரத்துப்பாளையம் விவசாயிக்கு.

நோட்டீஸ் வருமுன்பே முதலாளியை எச்சரிக்கிறவர்தான் நல்ல வக்கீல். கட்சிக்காரர் ஜெயிச்சு, ஆறு தோத்துட்டா அப்பீல் எங்கே போடறது?