பெற்றோல் வந்தது, சைக்கிள் மூலைக்குப் போனது

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. ஜூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலை இறுதியில் மீண்டும் திறந்தபோதும் வாரத்தில் 3 நாட்கள்தான் வகுப்பு. பின்னர் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள்.

அந்த மாதங்களில் கொழும்பு வீதிகளில் சைக்கிள்கள் பெருகின. வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் கடை முதலாளிகளும் மிதித்துக்கொண்டு போனார்கள். சைக்கிள் விலை இரண்டு மடங்காக ஏறிய பிறகும் கடைகளில் ஆள் குறையவில்லை. பரணில் கிடந்த பழைய சைக்கிளை இறக்கி, டயர் மாற்றி ஓட்டியவர்கள் நம்மில் ஏராளம்.

பின்னர் நிலைமை மாறியது. 2023 செப்டெம்பர் 1 முதல் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில் திறந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் வாகன இறக்குமதிக்காக நாடு செலவிட்ட தொகை 100 கோடி டொலருக்கும் அதிகம். சைக்கிள்கள் மீண்டும் பரணுக்கும் மாடிப்படிக்குக் கீழும் போய்விட்டன. காலை 7 மணிக்குக் காலி வீதியில் நின்று பார்த்தால் நெருக்கடி ஒன்று வந்து போனதற்கான அடையாளமே தெரியாது.

ஏன் இப்படி ஆனது? "நம்முடைய ஆட்கள் சோம்பேறிகள், பெற்றோல் வந்ததும் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள்" என்பதுதான் வழக்கமான பதில். நான் அதை ஏற்கவில்லை. 2022 இல் மக்கள் சைக்கிளுக்கு மாறியதற்குப் பெற்றோல் இல்லாதது ஒரு காரணம். கார்களும் வேன்களும் குறைந்து வீதி பாதுகாப்பாக இருந்தது இன்னொரு காரணம். வாகனங்கள் திரும்பி வந்தபோது அந்த இடத்தை அவை எடுத்துக்கொண்டன. நகரமே சைக்கிளில் போன அந்த மாதங்களில் நிரந்தரமாக எதுவும் செய்யப்படவில்லை. அலுவலகம் போகிறவர் நம்பிப் போகக்கூடிய சைக்கிள் பாதையோ, சைக்கிளைப் பூட்டி வைக்கக்கூடிய தரிப்பிடமோ உருவாகவில்லை. உயிருக்குப் பயந்த மனிதன் சைக்கிளை விட்டான். அது சோம்பேறித்தனமல்ல, நியாயமான கணக்கு.

நான் அதை விடவில்லை என்பதால் அந்தக் கணக்கின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். வெள்ளவத்தையிலிருந்து என் பாடசாலைக்கு 7 கிலோமீற்றர். காலையில் பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும் நாட்களும் உண்டு. சைக்கிளில் 30 முதல் 35 நிமிடம். எந்த நாளிலும் அந்த நேரம் பெரிதாக மாறுவதில்லை. மோட்டார் சைக்கிளில் போய் வந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு ரூபா பெற்றோல். மாதத்தில் 20 பாடசாலை நாட்கள் என்றால் 2,000 ரூபா. ஆசிரியர் வீட்டில் அது ஒரு பிள்ளையின் டியூஷன் காசு. வீட்டில் மோட்டார் சைக்கிள் இன்னும் இருக்கிறது. வைத்தியசாலை, இரவுப் பயணம், கடும் மழை ஆகியவற்றுக்கு மட்டும் அதை எடுக்கிறோம். சாமான் வாங்குவது நடக்கும் தூரத்துக் கடையில். ஊருக்குப் போவது பஸ்ஸிலோ ரயிலிலோ.

கஷ்டமும் இருக்கிறது. காலை 6.45 மணிக்கு வெயில் பெரிதாகத் தெரியாது. பிற்பகல் 1.30 மணிக்குப் பாடசாலை விட்டால் தலை கொதிக்கும். பாடசாலை அலுமாரியில் ஒரு சேர்ட்டும் துவாயும் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வாரத்தில் ஓரிரு நாள் பஸ்தான். ஆனால் வெயிலையும் மழையையும் விட எனக்குப் பெரிய பயம் வேறு. மரைன் டிரைவில் போகும்வரை கடல் காற்று, சமதரை, ஓரளவு நிம்மதி. அதை விட்டுக் காலி வீதியைக் குறுக்கே கடக்கும்போதும், ஆள் ஏற்ற பஸ் திடீரென இடப்பக்கம் ஒடிக்கும்போதும், ஓரத்தில் நிறுத்திய காரின் கதவு பின்னால் பார்க்காமல் திறக்கப்படும்போதும்தான் உள்ளம் நடுங்கும். இந்த மூன்றும் வீதியை ஒழுங்கமைக்கும் விதத்தால் வருபவை. மாற்றக்கூடியவை.

மாற்ற முடியும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. அந்த நாட்டு மக்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின, சைக்கிள்கள் குறைந்தன. 1971 இல் மட்டும் 3,000 க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 400 க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். "சிறுவர் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே பெற்றோர்கள் இயக்கம் தொடங்கி வீதிக்கு இறங்கினார்கள். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. நெருக்கடி சில மாதங்களில் முடிந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தையும் அந்தப் பாடத்தையும் அவர்கள் கைவிடவில்லை. தனிச் சைக்கிள் பாதைகள் அமைத்தார்கள், குடியிருப்பு வீதிகளில் வேகத்தைக் குறைத்தார்கள். இன்று ஒன்றே முக்கால் கோடிக்கும் அதிகமானோர் வாழும் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 700 பேர் வீதியில் இறக்கிறார்கள். ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் பேர் வாழும் நம் நாட்டில் அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் 2,000 ஐத் தாண்டுகிறது.

அவர்களுக்கும் நமக்கும் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவர்கள் அதற்குப் பின் வீதியை மாற்றினார்கள். நாம் கியூஆர் அட்டையைக் கிழித்துப் போட்டோம்.

நம் அரசாங்கங்களின் சாதனையும் சொல்லத்தக்கதாக இல்லை. மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் வரவிருந்த இலகு ரயில் திட்டம் 2020 செப்டெம்பரில் இரத்தானது. நாட்டில் பதிவான வாகனங்கள் 80 இலட்சத்தைக் கடந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். நல்ல பஸ்ஸும் ரயிலும் இல்லாத இடத்தில் மக்கள் லீசிங் எடுத்து வாகனம் வாங்குகிறார்கள். அந்த வாகனங்களால் பஸ் இன்னும் மெதுவாகிறது. அதனால் இன்னும் சிலர் லீசிங் எடுக்கிறார்கள். இந்தச் சுழலை உடைப்பது அரசின் கடமை. ஆனால் அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் கையில் மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதலாவது பாடசாலை. கொழும்பின் காலை நெரிசலில் பெரும்பங்கு பாடசாலைப் பயணம் என்பது விடுமுறைக் காலத்தில் எல்லோருக்கும் விளங்கும். அந்த நாட்களில் அதே வீதி காலியாக இருக்கும். ஒரு நாள் என் வகுப்பில் 2 கிலோமீற்றருக்குள் வீடு உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. நடந்தோ சைக்கிளிலோ வருபவர்கள் என்றபோது மூன்றே கைகள். மற்றவர்கள் வேனில், முச்சக்கர வண்டியில், வாப்பாவின் மோட்டார் சைக்கிளில். பெற்றோரைக் கேட்டால் "சேர், ரோட்டுல வாகனம் கூட, பயமா இருக்கு" என்கிறார்கள். அந்த வாகனங்களில் பல, அதே பயத்தால் வெளியே எடுக்கப்பட்டவை. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில், ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு சைக்கிளை உள்ளேயே அனுமதிப்பதில்லை. கார் வந்து நிற்க மட்டும் இடம் இருக்கிறது. ஒரு கூரைத் தகரமும் நாலு கம்பியும் போட்டால் சைக்கிள் தரிப்பிடம் ஆகிவிடும். பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் கோபுரத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு போதும்.

இரண்டாவது பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நம் பள்ளிவாசல்களைச் சுற்றியுள்ள வீதிகளைப் பாருங்கள். இரண்டு வரிசையாக வாகனம், அயலவரின் வாசலை மறித்து வாகனம். அயலவர் வேறு சமூகத்தவராக இருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் எத்தனை மனக்கசப்பைச் சேர்க்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நிர்வாக சபைகள் இரண்டு காரியம் செய்யலாம். ஒரு கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் நடந்து அல்லது சைக்கிளில் வரும்படி அறிவிக்கலாம். வாசலுக்கு மிக அருகிலுள்ள இடத்தை சைக்கிளுக்கு ஒதுக்கலாம். இப்போது அந்த இடம் பெரும்பாலும் பெரிய வாகனத்தில் வருபவருக்குத்தான் கிடைக்கிறது.

மூன்றாவது நம் வீடு. நான் அம்பாறைக் கரையோரத்தில் வளர்ந்தவன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் மிதித்து வராத பயிலுநர் அரிது. பர்தா அணிந்த மாணவிகள் கூட்டமாக சைக்கிளில் பாடசாலை போவது எங்கள் பக்கத்தில் அன்றும் இன்றும் சாதாரணக் காட்சி. என் தங்கை அப்படித்தான் உயர்தரம் வரை படித்தாள். அதே சமூகத்தினர் கொழும்புக்கு வந்ததும் பெண் பிள்ளைக்கு சைக்கிளா என்று முகம் சுளிக்கிறோம். விளைவாக ஒரு பெண் பிள்ளை நூலகம் போக, வகுப்புப் போக, தோழியின் வீட்டுக்குப் போக யாராவது ஒரு ஆண் ஓய்வாகும்வரை காத்திருக்கிறாள், அல்லது முச்சக்கர வண்டிக்குக் காசு தேடுகிறாள். ஊரில் ஒழுக்கத்துக்கு இடையூறாக இல்லாத சைக்கிள் கொழும்பில் மட்டும் எப்படி இடையூறாகும்?

ஊரிலும் நிலைமை மாறி வருகிறது. சாதாரணதரம் முடித்த மகனுக்கு, சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் 18 வயது ஆகுமுன்பே மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது கௌரவமாகிவிட்டது. சைக்கிளில் போனால் "என்ன, கையில ஒண்டும் இல்லயா?" என்ற கேள்வி. அந்தக் கௌரவத்துக்காக லீசிங் கட்டும் வீடுகளையும், அந்தக் கௌரவம் ஜனாஸாவில் முடிந்த வீடுகளையும் நாம் அறிவோம்.

இத்தனைக்கும் பிறகு வீதி மாறாமல் இருந்தால் பெற்றோரிடம் "பிள்ளையை சைக்கிளில் அனுப்புங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் உள்ளூராட்சி சபைகளிடம் கேட்க வேண்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகளுக்கு 2025 மே மாதம்தான் தேர்தல் நடந்தது. இப்போது பெரும்பாலான ஊர்களில் நாம் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஆனால் உள் வீதிகள் பல சபைகளின் கையில். அவர்களிடம் கோடிக்கணக்கான ரூபா திட்டம் கேட்க வேண்டாம். பாடசாலையைச் சுற்றியுள்ள உள் வீதிகளில் வேகத்தடை, காலையில் ஒரு மணித்தியாலம் அந்த வீதியில் வாகனம் நிறுத்தத் தடை, சந்தைக்கும் நூலகத்துக்கும் முன்னால் சைக்கிள் பூட்டும் கம்பி, பெரிய வீதியைக் கடக்குமிடத்தில் ஒழுங்கான கடவை. பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் ஒரு வருடத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலைகள் இவை. வீதிக்குக் கொங்கிறீட் போட்டதற்குப் பெயர்ப்பலகை வைக்கிறவர்கள் இதற்கும் வைக்கட்டும், நமக்கு ஆட்சேபனை இல்லை.

எல்லோரும் சைக்கிளுக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முச்சக்கர வண்டியால் அடுப்பெரியும் வீடுகள் உண்டு. நோயாளிப் பெற்றோரை வைத்திருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், 20 கிலோமீற்றர் தள்ளி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாகனம் தேவை. இரண்டு கிலோமீற்றர் போக வாகனம் எடுப்பவர்கள் குறைந்தால் அவர்களுக்கும் வீதி இலகுவாகும்.

நாம் இன்னும் எரிபொருளை டொலர் கொடுத்து வாங்கும் நாடு. இன்னொரு தடவை அது கிடைக்காமல் போகாது என்று யாராலும் உறுதி தர முடியாது. அந்த நாளில் மறுபடியும் பரணில் சைக்கிள் தேடுவதை விட, இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நடந்தோ மிதித்தோ போய், திரும்பும் வழியில் உங்கள் வட்டார உறுப்பினரிடம் பாடசாலை வீதியைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் கேட்காதது போல் இருக்க முடியாது.