ஸ்கான் பண்ணிப் போட்டால் போதுமா?

"எல்லாம்தான் நெட்டில் கிடக்கே, இனி நூலகர் எதற்கு?" எங்கட ஆட்களின் வாயிலும் அடிக்கடி வரும் கேள்வி இது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் இதை இவ்வளவு இலகுவாகக் கேட்கலாமா?

2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. பெரிய காரியம். ஆனால் ஸ்கான் பண்ணுவது பாதி வேலைதான். தேடுகிறவர் கையில் அது அகப்பட வேண்டும். அங்கேதான் இன்றைய நூலகரின் வேலை தொடங்குகிறது.

'கல்கி' என்று தேடினால் எழுத்தாளரா, பத்திரிகையா? பழைய நூலொன்றில் 'பிரபவ வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1867ஆ, 1927ஆ? 'சங்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் தேடும் பிள்ளை 'எஸ்' போட்டுத் தேடும். பல பெரிய நூலகங்களின் பட்டியலில் அது 'சி'யில் இருக்கும். புத்தகம் அங்கே இருந்தும் பிள்ளைக்கு இல்லாத மாதிரித்தான். கணினி எழுத்தை வாசித்துவிடும். ஆனால் அச்சகத்தின் பெயர், தாள், முன்னுரை எல்லாவற்றையும் பார்த்து ஆண்டைத் தீர்மானிக்கவும், கணினி விட்ட பிழையைப் பிடிக்கவும் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கிருந்து வரப்போகிறார்? டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்று பிள்ளைகளுக்கு வழி காட்டும் நாங்கள் நூலகவியலைச் சொல்வதேயில்லை. கனடாவிலும் பிரித்தானியாவிலும் அதற்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. தரவுத்தளமும் தெரிந்து தமிழும் வாசிக்கத் தெரிந்த இரண்டாம் தலைமுறைப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

உள்ளூர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் கேட்கும்போது, தமிழ் தெரிந்த நூலகர் ஒருவரையும் சேர்த்துக் கேளுங்கள். அப்படிக் கேட்க எமக்கு உரிமை உண்டு. நாங்களும் வரி கட்டுகிறோம்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. அப்பா, அம்மா பெட்டியில் வைத்திருக்கும் கோயில் மலர், பழைய மாணவர் சங்க மலர், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் ஊரின் வரலாறு. அவர்கள் போன பிறகு அவை குப்பைக்குத்தான் போகின்றன. அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் இருந்து கேளுங்கள். படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். ஸ்கானர் எப்போதும் வாங்கலாம். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு போகிறார்கள்.