நாய் பூனை வளர்ப்போர் கடமை

நமது குடியானவர்கள் எருதையும் பசுவையும் ஆட்டையும் செல்வமெனக் கருதிப் பேணுகின்றனர். எருதின் கழுத்திற் சிறிது புண் கண்டால் அன்றே மருந்திடுகின்றனர். ஆனால், வாயிலிற் படுத்துக் காவல் காக்கும் நாயையும், குதிரின் அடியிற் பதுங்கி எலி பிடிக்கும் பூனையையும் அவ்வாறு எண்ணுவோர் மிகச் சிலரே. இவ்விரு பிராணிகளும் எஞ்சிய சோற்றை உண்டு, நோயுற்றால் கேட்பாரின்றி மாண்டு, எவருடைய கணக்கிலும் சேராமல் வாழ்கின்றன. இந்த அலட்சியத்தால் விளையும் கேடு நாயோடும் பூனையோடும் நின்றுவிடுவதில்லை. நம் குழந்தைகளையும் கறவை மாடுகளையும் ஆட்டுக் கிடைகளையும் அது பற்றுகின்றது. ஆதலின், நாயை வளர்ப்பவன் அதன் பொறுப்பு முழுவதையும் ஏற்றல் வேண்டும்; உடையவனற்ற நாய்க்கு ஊரே உடையவனாதல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

நம் முன்னோர் இப்பிராணிகளை அற்பமாக எண்ணினவரல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாண்ட வீரனுடன் அவனுடைய நாயும் அதிற் செதுக்கப்பட்டிருக்கின்றது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லிற் பொறித்து வைத்தனர். நம் மாமல்லபுரத்திலோ, அர்ச்சுனன் தபசு என வழங்கும் பெரும் பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களை உயர்த்தித் தவம்புரியும் பூனையையும் அதன் அடியிற் சூழ்ந்த எலிகளையும் இன்றும் காணலாம். நாய்க்குப் பெயரிட்டுக் கல் நாட்டிய நாட்டில், இன்று நாய்க்குட்டிகளைச் சாக்கிற் கட்டி ஏரிக்கரையில் எறிந்து வருகின்றோம்.

பெண்குட்டிகளின் கதி

தெருநாய்கள் எங்கிருந்து வருகின்றன என்று பலரும் கேட்கின்றனர். அவற்றுட் பல நம் வீடுகளிலிருந்தே வருகின்றன. நாய் ஈன்ற குட்டிகளில் நல்லதோர் ஆண்குட்டியை வைத்துக்கொண்டு, பெண்குட்டிகளை நெடுஞ்சாலை ஓரத்திலோ, சந்தைத் திடலிலோ, வேற்றூர் எல்லையிலோ விட்டுவருவது நம் பக்கத்தில் நெடுநாளைய வழக்கம். ஒரு பெண்நாய் ஏறக்குறைய 63 நாட்கள் சினைதாங்கி, ஐந்தாறு குட்டிகள் ஈனும். ஆண்டுக்கு இருமுறை ஈனுதலும் உண்டு. விட்டெறிந்த குட்டிகளுட் பல இறந்தாலும், பிழைப்பவை ஓராண்டிற்குள் தாமே குட்டி ஈனத் தொடங்கிவிடும். ஒரு வீட்டார் தட்டிக்கழித்த பொறுப்பை ஊர் முழுவதும் சுமக்க நேரிடுகின்றது.

இங்ஙனம் பெருகும் நாய்களுக்கு இரை இடுபவரும் நாமே. கோழிக் கடைக் கழிவைச் சாலையோரப் பள்ளத்திற் கொட்டுகின்றனர். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையில் மீன் கழிவும், விடுமுறை நாட்களில் வருவோர் எறியும் உணவும் குவிகின்றன. செத்த மாட்டைப் புதையாமல் ஏரியின் புறம்போக்கில் இழுத்துப் போடுகின்றனர். முன்னாட்களிற் பிணந்தின்னிக் கழுகுகள் அவற்றைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. மாடுகளுக்கு இட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தினால் 1990-ஆம் ஆண்டுகளில் அக்கழுகுகள் கூட்டங் கூட்டமாக அழிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்தை இடுதல் 2006-இல் தடைசெய்யப்பட்டது. எனினும் கழுகுகள் பழைய நிலைக்கு மீளவில்லை. அவை உண்டுவந்த இரை இன்று நாய்களுக்குக் கிடைக்கின்றது.

பச்சை இறைச்சிக்குப் பழகிக் கூட்டமாகத் திரியும் நாய்கள் இரவிற் பட்டியில் நுழைந்து ஆடுகளைக் குதறுகின்றன. நம் பகுதிக்கே உரிய சென்னைச் சிவப்பு இனச் செம்மறிகளை வளர்ப்போர் இத்துன்பத்தை நன்கறிவர். கடற்கரையிலும் இதே கதை. தை முதல் பங்குனி வரை இக்கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குழிகளை நாய்கள் தோண்டி முட்டைகளைத் தின்கின்றன. பொரித்துக் கடலை நோக்கி ஓடும் குஞ்சுகளையும் விடுவதில்லை.

வெறிநோய்

இவை யாவற்றினும் கொடியது வெறிநோய். வெறிகொண்ட நாயின் எச்சிலில் உள்ள நுண்கிருமி, கடிவாயின் வழியாக நரம்பைப் பற்றி மூளைக்கு ஏறுகின்றது. நோயின் குறிகள் தோன்ற வழக்கமாகச் சில வாரங்களோ மாதங்களோ செல்லும். குறிகள் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டுள்ளனர். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினால் வருவது. கடியுண்பவரிற் பலர் சிறுவர்.

எனினும் இது முற்றிலும் தடுக்கக்கூடிய நோயாகும். 1885-இல் பிரான்சு தேசத்துப் பாஸ்டர் என்னும் பேரறிஞர் நாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசியிட்டுக் காத்தார். நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் நீலகிரி மலையிற் குன்னூரிலும் அவர் பெயரால் நிலையங்கள் ஏற்பட்டன. ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தை வயிற்றிற் பல நாட்கள் குத்திக்கொள்ள வேண்டியிருந்தமையால், அதற்கு அஞ்சி மருத்துவமனைக்கே செல்லாது இறந்தோர் பலர். அம்மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றைய மருந்தைக் கையிற் சில முறை போட்டுக்கொண்டாற் போதும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், முதலிற் செய்ய வேண்டியது கடிவாயை ஓடும் நீரிற் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவுதல். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய், காப்பித்தூள் முதலிய எதனையும் அப்பலாகாது. மந்திரித்தலும் வேர் கட்டுதலும் இந்நோய்க்குப் பயன்படா; அவற்றில் வீணாகும் நாட்களே உயிரைக் கொண்டுபோகும். அன்றே மருத்துவரிடம் சென்று, அவர் குறிக்கும் நாட்களில் ஒன்றையும் தவறவிடாமல் ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும். இரத்தம் வரக் கடித்திருந்தால், கடிவாயிலேயே இடும் வேறொரு மருந்தும் தேவைப்படும். கடித்த நாயை உடனே அடித்துக் கொல்லாமல், கட்டிவைக்கக் கூடுமாயின் பத்து நாட்கள் கவனித்தல் நலம். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது.

மாடு வளர்ப்போர் மறவாது கொள்ளத்தக்க செய்தி இன்னொன்று உண்டு. வெறிநாய் கடித்த பசு சில வாரங்களோ மாதங்களோ கழித்து எச்சில் ஒழுக்கும், விழுங்கமாட்டாது தவிக்கும், குரல் மாறிக் கதறும். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று கருதி அதன் வாய்க்குள் கையை விடுவோர் உளர். இதனினும் ஆபத்தான செயல் வேறில்லை. அத்தகைய மாட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புக. கடியுண்ட மாட்டிற்கு நோய்க்குறி தோன்றுமுன் ஊசியிட்டுக் காக்கலாம் என்பதையும் அறிக.

கொல்லுதலால் தீருமா?

"இத்தனை தொல்லை ஏன்? நாய்களைப் பிடித்துக் கொன்றுவிட்டால் என்ன?" என்பர் சிலர். ஆட்டை இழந்தவனும், பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கி ஓடியவனும் இங்ஙனம் கேட்பது இயல்பே. ஆயினும் அனுபவம் வேறு பாடம் கற்பிக்கின்றது. சென்னை நகரில் பல்லாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தனர். நாய்களும் ஒழியவில்லை, நோயும் ஒழியவில்லை. 1996 முதல் அம்முறையைக் கைவிட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் முறையை மேற்கொண்டனர். அதன்பின் வெறிநோய் மரணங்கள் பெரிதும் குறைந்தன. ஓரிடத்து நாய்களை அழித்தால், அங்குள்ள இரையை நாடிப் பக்கத்து ஊர் நாய்கள் வருகின்றன. ஊசி போட்ட நாய் போய், ஊசி போடாத நாய் வந்து சேர்கின்றது.

நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு இடைவிடாது தடுப்பூசி இருக்குமாயின், நோய் பரவ வழியின்றி அற்றுப்போகும் என்பது உலக அனுபவம். மெக்சிகோ நாட்டார் ஆண்டுதோறும் நாய்களுக்கு இலவசமாக ஊசியிட்டு, நாய்வழி வரும் மனித மரணத்தை ஒழித்ததாக 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றனர். நம் நாட்டிலேயே கோவா, 2021-இல் வெறிநோய் கட்டுப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதென்பது பொருந்தாது.

நல்ல வளர்ப்பு

நாய்க்குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசியும், மருத்துவர் சொல்லும்போது மறு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் இடுக. ஒரு வெள்ளாட்டின் விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு மிக அற்பம். குட்டி வேண்டாதவர் பெண்நாய்க்குக் கருத்தடை செய்வித்தல் வேண்டும். குடற்புழு மருந்தும் காலந்தவறாமற் கொடுக்க. ஆட்டின் தலையையும் குடலையும் பச்சையாக நாய்க்குப் போடலாகாது. நாயின் வயிற்றில் வளரும் நாடாப்புழுவின் முட்டை, அதன் மலத்தோடு மேய்ச்சற் புல்லிற் சேர்கின்றது. அப்புல்லை மேய்ந்த ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி உண்டாகி, ஆடு தலைசுற்றி வட்டமிட்டு விழுகின்றது. வேகவைத்துப் போட்டால் இத்தொல்லை இல்லை.

சோறும் மோரும் மட்டும் நாய்க்குப் போதா. அவித்த மீனோ முட்டையோ இறைச்சியோ சிறிதளவு சேர்க்க வேண்டும். நாள் முழுவதும் குறுஞ்சங்கிலியிற் கட்டப்பட்ட நாய் கடிநாயாகும். நிழலும் தண்ணீரும் தந்து, காலை மாலை அவிழ்த்துக் கூட்டிச் செல்க. பனிநாட்டு நாய்களைப் பெருமைக்காக வாங்கி இக்கடற்கரை வெயிலில் வாட்டுவதினும், நம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களையோ நம் தெருவில் பிறந்த குட்டியையோ வளர்ப்பதே அறிவுடைமை.

பூனையின் பயன் நெல் சேர்த்து வைக்கும் வீட்டார்க்குத் தெரியும். பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்பது தவறு; உணவு பெற்ற பூனையும் வேட்டையாடும். உணவிட்டாற்றான் அது வீட்டில் தங்கும். பெருச்சாளியையும் வயல் எலியையும் பூனையாற் கட்டுப்படுத்த இயலாது; அதற்கு வளை தோண்டிப் பிடிப்பதில் வல்ல இருளர் மக்களின் உதவியும், ஆந்தை அமர வயலில் நடும் கழிகளும் பயன்படும். எலி மருந்து வைப்போர் ஒன்று நினைவிற் கொள்க: நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் நாயும் ஆந்தையும் மாளக்கூடும். செத்த எலிகளை விடியற்காலையிற் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். பூனைக்கும் வெறிநோய் உண்டு. ஆதலின் அதற்கும் ஊசி தேவை.

ஊராரும் அதிகாரிகளும்

தனி மனிதர் எத்துணை கவனமாயிருந்தாலும், ஊர் ஒன்றுகூடிச் செய்யாவிடில் இவ்வேலை நிறைவேறாது. 2023-ஆம் ஆண்டு விதிகள் தெருநாய்களின் கருத்தடையையும் தடுப்பூசியையும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக்கியுள்ளன. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிற் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடாமற் காப்பகத்திற் சேர்க்குமாறு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆணைகள் ஏட்டில் இருப்பதனால் மட்டும் பயனில்லை. ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து, ஊரிலுள்ள நாய்களையும் அவற்றின் உடையவரையும் ஒரு பதிவேட்டிற் குறிக்கலாம். ஆகஸ்டு 15-இல் கூடும் கிராம சபையில் அதனைப் படித்து, கால்நடை மருத்துவருடன் கலந்து, உலக வெறிநோய் நாளாகிய செப்டம்பர் 28-இல் ஊசி முகாம் நடத்தலாம். ஊசி போட்ட நாய்க்கு ஒரே நிறக் கழுத்துப் பட்டை கட்டினால் மீதியுள்ளவை எளிதிற் புலப்படும். கோழிக் கழிவுக்கும் மீன் கழிவுக்கும் குழி தோண்டுதலும், செத்த மாட்டைப் புதைக்க இடம் ஒதுக்குதலும் உடன் நடைபெற வேண்டும். குட்டியை வேற்றூரிற் கொண்டுபோய் விடுபவனை ஊரார் வெட்கப்படச் செய்தல் வேண்டும்.

ஊர் கூடினால் ஆகாதது இல்லை என்பதற்குச் சான்று தேட நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வேடந்தாங்கல் ஊரார், தம் ஏரிக்கு வரும் பறவைகளை எவரும் சுடலாகாதென்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் காப்புரிமை பெற்று, தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயல்களுக்கு உரமாகப் பாய்கின்றது. எங்கிருந்தோ வரும் பறவைக்குக் காவலான மாவட்டம் இது. நம் வாயிலிற் படுத்திருக்கும் நாய்க்கு ஆண்டுக்கோர் ஊசி இடுவது நமக்குப் பெரிதோ? ஒவ்வொரு குடியானவரும் தம் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இவ்வாண்டே ஊசியிட்டு, தம் ஊராட்சியையும் இப்பணியில் முனையச் செய்வாராக.