மண்ணைக் கெடுத்தது உழுதவனா?

விவசாயி பேராசைப்பட்டு யூரியாவை அள்ளிக் கொட்டினான், மண் செத்துப் போயிற்று என்று அதிகாரிகள் கூட்டத்துக்குக் கூட்டம் உபதேசம் செய்கிறார்கள். மண் நலிந்திருப்பது மெய்தான். பழி யார் தலையில் விழ வேண்டும் என்பதே நமது கேள்வி.

நல்ல மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தாலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பாட்டாளிகள்! தழையும் சாணமும் வைக்கோலும் அவற்றுக்குத் தீனி. அதைத் தின்று பயிருக்கு உணவு சமைத்துத் தருகின்றன. தக்கைப்பூண்டின் வேர் முடிச்சில் குடியிருப்பவை காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்துக் கொடுக்கின்றன. எருவை நிறுத்தி யூரியாவை மட்டும் போட்டால் இந்தப் பட்டாளம் பட்டினி கிடக்கிறது. மிஞ்சிய யூரியாவில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகி மேலே போகிறது. அது கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடேற்றும்.

யூரியாவை மட்டும் போடச் செய்தது யார்? 2010-ல் மத்திய சர்க்கார் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அவை ஏறின. கட்டுப்பாட்டில் நின்றது யூரியா ஒன்றுதான். ஏழை எதை வாங்குவான்? எண்ணெய் போடாமல் மெஷினை ஓட்டவைத்து, உடைந்ததும் தொழிலாளிக்குச் சார்ஜ் ஷீட் கொடுக்கும் மானேஜ்மெண்டை மில் தோழர்கள் அறிவார்கள். இதுவும் அதே கதை.

தஞ்சைத் தரணியில் வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவனைப் பாருங்கள். தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாள் வளர்த்து, பூக்கும்போது மடக்கி உழ வேண்டும். மண் தேறப் பல வருஷம் ஆகும். அடுத்த போகத்துக்கு நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதவன் யாருக்காக மண்ணை வளர்ப்பான்? குத்தகை நெல் அளக்க எது சீக்கிரம் பச்சை காட்டுமோ அதைப் போடுகிறான். வைக்கோலும் கட்டுக்கட்டாக லாரியேறி விடுகிறது.

குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது 1969-ல். இன்னமும் பெயர் ஏறாதவர்கள் ஏராளம். 2019-ல் வந்த வருஷம் 6,000 ரூபாய் உதவி நிலச் சொந்தக்காரருக்கே, குத்தகைதாரருக்குக் கிடையாது. 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் பசுந்தாள் உர விதை வழங்கும் திட்டம் அறிவித்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பிறர் கைக்கு நாளை போகிற நிலத்தில் அந்த விதை என்ன செய்யும்?

உழுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏறட்டும். உதவித் தொகையும் பயிர்க் கடனும் அவனுக்கு வரட்டும். மடக்கி உழும் செலவைச் சர்க்கார் ஏற்கட்டும். எருக்குழி வெட்டி, குப்பை சுமக்கும் விவசாயத் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கட்டும். தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோகும் மனுவில் இவற்றை முதலில் எழுதுங்கள், தோழர்களே!