வெளிச்சந்தை உதிரிபாகத்தைக் காரணம் காட்டி இன்ஜின் வாரண்டி மறுக்கப்படுவது குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
சிறு சரக்கு வாகன உரிமையாளர்–ஓட்டுநர்கள் சங்கம்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

நகல்: போக்குவரத்து ஆணையர், சென்னை, உணவுப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆணையர், சென்னை, தலைமை ஆணையர், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.

பொருள்: வெளியில் வாங்கிய உதிரிபாகமே இன்ஜின் பழுதுக்குக் காரணம் என்று சான்று ஏதுமின்றி வாகன விற்பனை முகவர்கள் வாரண்டியை மறுப்பது – விசாரணை நடத்தி நடைமுறை வகுத்துத் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

திருப்பூரில் நூல் பனியனாகிப் பெட்டிக்குள் போவதற்குள் துணி பல கூடங்கள் ஏறி இறங்குகிறது. நிட்டிங்கிலிருந்து டையிங், அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு பிரிண்டிங், கட்டிங் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் துணி ரோல்களைக் கொண்டு சேர்ப்பவை எங்கள் உறுப்பினர்களின் பிக்கப்புகளும் லோடு ஆட்டோக்களும்தான். எங்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு வண்டியை ஃபைனான்ஸில் எடுத்துத் தாமே ஓட்டி, அந்த வாடகையில் குடும்பம் நடத்துபவர்கள். இன்ஜின் ஒரு மாதம் பிரித்துக் கிடந்தால் அந்த மாத டியூ தவறுகிறது, வழக்கமாக லோடு தரும் கம்பெனி வேறு வண்டிக்குப் போய்விடுகிறது.

அண்மைக்காலமாக உறுப்பினர்கள் பலரும் சங்கத்துக்குக் கொண்டுவரும் புகார் ஒரே மாதிரியானது. வாரண்டி காலத்துக்குள் இன்ஜின் பழுதாகி வண்டியை விற்பனை முகவரின் பட்டறைக்குக் கொண்டு சென்றால், அதில் எங்கேனும் ஒரு வெளிச்சந்தைப் பொருள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஆயில் ஃபில்டரோ, ஏர் ஃபில்டரோ, ஃபேன் பெல்ட்டோ எதுவாவது கிடைத்துவிட்டால் பழுதின் காரணத்தைத் தேடும் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பொருளுக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் எழுதித் தருவதில்லை.

ஓர் உறுப்பினருக்கு நேர்ந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். சர்வீஸ் கிலோமீட்டர் நெருங்கியபோது சேவை மையத்தில் அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. கையில் ஏற்றுமதி ஆர்டர் லோடு இருந்ததால், தன் பகுதி மெக்கானிக்கிடம் வண்டியின் கையேடு சொல்லும் அதே தர ஆயிலை ஊற்றி, பெயர் பெற்ற தயாரிப்பாளர் ஒருவரின் ஆயில் ஃபில்டரை மாட்டிக்கொண்டார். இரண்டுக்கும் பில் வைத்திருக்கிறார். சில மாதங்கள் கழித்துப் பல்லடம் சாலையில் பாரத்தோடு வரும்போது ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டியை இழுத்துச் சென்று பட்டறையில் விட்டார். ஜாப் கார்டில் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரு வரிதான் எழுதப்பட்டது.

அதன்பின் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. “ஃபில்டர் கம்பெனி ஐட்டம் இல்லை, வாரண்டி வராது, எஸ்டிமேட்டை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறோம்” என்றார்கள். அவர் பட்டறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது இன்ஜின் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. கிராங்க் பேரிங்குகள் டீசலில் கழுவித் துடைத்து ஒரு தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. இன்ஜினின் அடித்தொட்டியான சம்பில் இருந்த ஆயிலைக் கழிவு டிரம்மில் கொட்டியிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஃபில்டரைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அது ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். மறுப்பை எழுத்தில் கேட்டார், தர மறுத்தார்கள். மாறாக, வெளிப்பொருள் பயன்படுத்தியதால் வாரண்டி ரத்தாவதற்குச் சம்மதிக்கிறேன் என்ற தாளை நீட்டி, அதில் கையெழுத்துப் போட்டால்தான் இன்ஜினைத் திரும்பப் பூட்டுவோம் என்றார்கள். பிரித்ததற்கு லேபர் சார்ஜ், வண்டி அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் நிறுத்தக் கட்டணம் எனத் தனியாகக் கேட்கிறார்கள். அவர் இதுவரை கையெழுத்திடவில்லை.

கழுவாத பேரிங், வடிக்காத ஆயில், கழற்றிய ஃபில்டர் ஆகிய மூன்றுமே இந்த வழக்கின் சாட்சிகள். மூன்றும் வண்டிக்காரர் கண்ணில் படுவதற்கு முன்பே போய்விட்டன. எங்கள் மனுவின் சாரம் இதுதான்: வாரண்டியை மறுப்பவர் அதற்கான காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும், மெய்ப்பிக்கத் தேவையான பொருள்களை அழிக்கக் கூடாது.

ஆயில் அழுத்தம் இழந்து இன்ஜின் பிடித்துக்கொள்வதற்கு ஃபில்டரும் காரணமாகலாம். உள்ளே இருக்கும் காகித மடிப்பு நசுங்கியிருந்தாலோ, பைபாஸ் வால்வு திறக்காமல் போனாலோ பேரிங்குக்கு ஆயில் போகாது. ஆயில் பம்ப் தேய்ந்தாலும், சம்பின் அடியில் உள்ள ஸ்ட்ரெய்னரில் கசடு அடைத்தாலும், ஆயில் அளவு குறைந்தாலும் இதே விளைவுதான். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, தேங்கிய கரியை எரித்துத் தீர்க்க, வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். எங்கள் வண்டிகளோ மங்கலம் சாலைக்கும் அனுப்பர்பாளையத்துக்கும் நடுவே நின்று நின்று ஓடுபவை. எரிப்பு பாதியில் நிற்பது வழக்கமானால், பல இன்ஜின்களில் அதற்கெனக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கிச் சம்பில் சேர்ந்து ஆயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. இதில் ஃபில்டரின் குற்றம் ஒன்றுமில்லை.

இவற்றில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க வழிகள் உண்டு. ஃபில்டரின் தகர உறையை வெட்டி மடிப்புகளை விரித்தால், அது நசுங்கியதா, உலோகத் துகளைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆயிலில் டீசல் கலந்திருக்கிறதா என்பதை ஆய்வகம் சொல்லும். பம்பின் தேய்மானத்தை அளந்து பார்க்கலாம்; இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் பதிவான பிழைக் குறியீடுகளை அச்செடுக்கலாம். பழி ஏர் ஃபில்டர் மேல் விழுந்தால் சோதனை இன்னும் எளிது. ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் மண் ஒட்டினால் ஃபில்டர் தூசியை உள்ளே விட்டிருக்கிறது. துணி சுத்தமாக வந்தால் சிலிண்டர் தேய்ந்ததற்கு வேறு காரணம் தேடியாக வேண்டும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதி. செய்ய ஐந்து நிமிடம் போதும்.

வெளிப்பொருளால் இன்ஜின் கெடவே கெடாது என்று நாங்கள் வாதிடவில்லை. சந்தையில் டூப்ளிகேட் சரக்கு தாராளமாகப் புழங்குகிறது. கம்பெனி பெட்டியைப் போலவே அச்சடித்த உறைக்குள் மட்டமான காகிதத்தை மடித்து வைத்து விற்கும் கயவர்களால் ஏமாந்தவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பொருளால் பழுது வந்தது என்று சோதனையில் தெரிந்தால் அந்தச் செலவை முகவர் தலையில் கட்ட எங்கள் சங்கம் துணை போகாது. ஆனால் போலிச் சரக்கும், தன் பெயரைப் போட்டு பில்லோடு விற்கும் தயாரிப்பாளரின் சரக்கும் ஒன்றல்ல. வாகன நிறுவனங்களுக்கே ஃபில்டர் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் பல, தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு அனுப்புகின்றன.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டும் வண்டியை வாங்கியவரும் நுகர்வோரே என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தன் 2(7) பிரிவின் விளக்கத்தில் சொல்கிறது. பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்று அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. உரிய காலத்தில் ஃபில்டர் மாற்றுவது பராமரிப்பு. அதை வண்டியை மாற்றியமைத்த செயலாகக் காட்டி இந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ள விடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு எதிராக வழங்கிய உத்தரவையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறோம். ரூ.2,544 கோடிக்கு மேல் விதிக்கப்பட்ட அபராதம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. எங்களுக்கு முக்கியமானது அந்த உத்தரவில் உள்ள நெறி. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது; வெளி வேலையின் கோளாறால் ஏற்பட்ட சேதம் எந்த அளவோ அந்த அளவுக்கு மட்டுமே, அதுவும் தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே, வாரண்டியை மறுக்கலாம் என்று ஆணையம் கூறியது. கார் வாங்கியவருக்குப் பொருந்தும் இந்த நியாயம் லோடு வண்டி வாங்கியவருக்கு ஏன் பொருந்தக் கூடாது? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையவாசலிலும் மோட்டார் வாகனத் துறை சேர்க்கப்பட்டிருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போகலாம், 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம், ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆய்வகச் சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதுவரை வண்டி பிரித்தபடி கிடந்தால் உறுப்பினர் என்ன சாப்பிடுவார்? கடன் வாங்கி இன்ஜினைப் பூட்டி ஓட்டத் தொடங்கினால் ஆணையத்தின் முன் வைக்கச் சாட்சி இருக்காது. சாட்சியைக் காப்பாற்ற வேண்டுமானால் வருமானத்தை இழக்க வேண்டும். இந்த இக்கட்டைத் தெரிந்துகொண்டுதான் எங்களை நெருக்குகிறார்கள். வழக்கு மன்றத்துக்குப் போகும் முன்பே, பட்டறை வாசலிலேயே பாதுகாப்பு வேண்டும் என்று தங்களிடம் வந்திருப்பது இதனால்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நுகர்வோரை ஒரு வகுப்பாகப் பாதிக்கும் உரிமை மீறல்களையும் நியாயமற்ற வணிக நடைமுறைகளையும் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கு வழங்கியிருக்கிறது. இம்மனுவை அப்பிரிவின் கீழான புகாராக ஏற்று விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

இரண்டாவதாக, வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் (திருப்பூர் வடக்கு மற்றும் தெற்கு) வழியாக மாவட்டத்தின் வாகன விற்பனை முகவர்கள் அனைவரையும் அழைத்து, எங்கள் பிரதிநிதிகளும் இருக்கும் கூட்டத்தில், கீழ்க்காணும் நடைமுறையை வகுத்துத் தர வேண்டும். வாரண்டி காலத்தில் உள்ள இன்ஜினை உரிமையாளரோ அவர் அனுப்பும் மெக்கானிக்கோ முன்னிலையில் மட்டுமே பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் சம்பில் இருந்து இரண்டு பாட்டிலில் ஆயில் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். பழுதுக்குக் காரணம் என்று சொல்லப்படும் பாகத்தைக் கழுவாமல் பையிலிட்டு முத்திரை வைக்க வேண்டும்; தகராறு தீரும்வரை அது பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது. மறுப்பு எதுவானாலும், எந்தப் பாகம் எந்த விதத்தில் எந்தச் சேதத்தை உண்டாக்கியது என்ற விளக்கத்தோடும் புகைப்படத்தோடும் ஏழு நாள்களுக்குள் தமிழில் எழுத்தில் தரப்பட வேண்டும். ஆயில் ஃபில்டர் தகராறு கியர் பாக்ஸ் வாரண்டியையும் சேர்த்து விழுங்கக் கூடாது. தகராறு நடக்கும் காலத்துக்கு நிறுத்தக் கட்டணமும், சம்மதக் கையெழுத்துக் கேட்டு வண்டியைப் பிடித்து வைப்பதும் அறவே கூடாது.

மூன்றாவதாக, நடுநிலை நிபுணர் குழு ஒன்று வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் இயந்திரவியல் துறைப் பேராசிரியர் ஒருவரும் இருந்தால் போதும். சிக்கலான வழக்குகளை ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பலாம். சோதனைச் செலவில் பாதியை முன்பணமாகக் கட்ட நாங்கள் தயார். முடிவு எங்களுக்கு எதிராக வந்தால் முழுச் செலவையும் உறுப்பினர் ஏற்பார். முகவருக்கு எதிராக வந்தால் அவர் ஏற்க வேண்டும்.

வெளிப்பொருளைக் காரணம் காட்டும் இதே முகவர்கள் தங்கள் கவுன்ட்டரிலேயே வெளி நிறுவனங்களின் ரிவர்ஸ் கேமரா, அலாரம் முதலியவற்றை விற்று, வயரை வெட்டி மாட்டித் தருகிறார்கள். அவற்றால் வரும் மின்கோளாறுக்குத் தாங்களே பொறுப்பு என்று பில்லிலேயே எழுதித் தரச் செய்ய வேண்டும்.

போலி உதிரிபாக விற்பனையைத் தடுக்கக் காவல் துறை அதிரடிச் சோதனைகளை மேற்கொள்ள வேண்டும். எங்கள் பங்குக்கு, பில் இல்லாமல் உதிரிபாகம் வாங்குவதில்லை என்றும், பழைய ஃபில்டரின் பெட்டியை அடுத்த சர்வீஸ் வரை பத்திரப்படுத்துவது என்றும் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். தகராறில் வண்டி முடங்கிய காலத்துக்கு மாதத் தவணையைத் தள்ளிவைக்க, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் வழியாக வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் தாங்கள் பேசித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

தங்கள் தலைமையில் இயங்கும் மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து, எங்கள் பிரதிநிதிகள் இருவருக்கு அழைப்பு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

மேலே சொன்ன உறுப்பினரின் வண்டி இம்மனு எழுதும் இன்றும் அதே பட்டறையில் பிரித்தபடியே கிடக்கிறது. பேரிங்குகளும் கிராங்க் ஷாஃப்ட்டும் ஆயில் பம்பும் இன்னும் அங்கேதான் உள்ளன. விசாரணை தொடங்கும்வரை காத்திராமல், மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரை இந்த வாரத்திலேயே அனுப்பி அவற்றை முத்திரையிட உத்தரவிட வேண்டும் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறோம். அவருடைய ஜாப் கார்டு, பில்கள், வாட்ஸாப்பில் வந்த எஸ்டிமேட், கையெழுத்துக் கேட்ட தாளின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். முகவரின் பெயரை விசாரணை அலுவலரிடம் நேரில் தெரிவிப்போம்.

இப்படிக்கு,
தலைவர் / செயலாளர்
சங்க உறுப்பினர்கள் சார்பாக