தீயரண் மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன், உடன்குடி

கணிப்பொறியின் துணையின்றி இன்று ஒரு நாளும் கழிவதில்லை. ரேஷன் கடையில் கைரேகை வைப்பது முதல் தேர்வு முடிவு பார்ப்பது வரை, யாவும் எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறியைத் தொட்டுத் திரும்புகின்றன. வீட்டுக்குக் கதவு உண்டு. விளைக்கு வேலி உண்டு. இத்தனை பேருடைய பணமும் உழைப்பும் அடங்கிய கணிப்பொறி வலையமைப்புக்கு எது காவல்? இதற்கு விடை அறிந்திருப்பது கணிப்பொறி படிப்போர்க்கு மட்டுமன்றி அனைவர்க்கும் தேவையாகும்.

அக்காவலுக்கு ‘ஃபயர்வால்’ என்று பெயர். தமிழில் தீயரண் என்பர். ஒரு கட்டடத்தில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவாதபடி எழுப்பும் சுவருக்கே இப்பெயர் முதலில் வழங்கியது. ஓலைக் கூரைகள் நெருங்கி நின்ற தெருவில் ஒரு கூரை பற்றினால் என்னவாகும் என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். 1988 நவம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு மாணவர் ஏவிவிட்ட ‘மாரிஸ் புழு’ என்ற நிரல் அப்படித்தான் பரவியது. அன்று இணையத்தில் இருந்த கணிப்பொறிகளில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6,000, அதற்கு இரையாயின என்று கணக்கிட்டார்கள். பொது இணையத்துக்கும் தனி வலையமைப்புக்கும் நடுவே சுவர் வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற்றது.

இச்சுவர் விதிகளால் ஆனது. இணையத்தில் செல்லும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, எந்த ‘போர்ட்’டுக்குப் போகிறது என்ற எண் ஆகியவை இருக்கும். மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கு 25, பாதுகாப்பான இணையதளத்துக்கு 443 என்று எண்கள் வகுத்திருக்கிறார்கள். தூத்துக்குடிக்காரர்களாகிய நமக்குப் ‘போர்ட்’ என்ற சொல் புதிதன்று. துறைமுக வாசலில் அனுமதிச் சீட்டு இல்லாத லாரியை நிறுத்துவதுபோல், தீயரணும் தன் விதிப்பட்டியலைப் பார்த்துப் பொட்டலத்தை விடும் அல்லது தடுக்கும். ‘மற்ற எதையும் விடாதே’ என்று பட்டியலின் கடைசி வரி இருக்க வேண்டும். அதுவே நல்ல தீயரணுக்கு இலக்கணம். உள்ளிருந்து நாம் கேட்டதற்கு வரும் பதிலை அது அடையாளம் கண்டு அனுமதிக்கும். கேளாமல் வருவதைத் திருப்பிவிடும். வந்ததையும் தடுத்ததையும் பதிவேட்டில் எழுதியும் வைக்கும்.

இத்தனை இருந்தால் போதாதா? போதாது என்பதே என் கருத்து. அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் கடற்கரையோடு தெற்கே மணப்பாடும் உவரியும் கடந்து போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். அதைப் பற்றி 2019 அக்டோபர் இறுதியில் ஒரு செய்தி பரவியது: அங்கே கணிப்பொறியில் கேடு புகுந்துவிட்டதாம்! அக்டோபர் 29-இல் நிலையத்தார் அதை மறுத்தார்கள். அணு உலையை இயக்கும் கணிப்பொறிகள் வெளி இணையத்தோடு இணைக்கப்படாதவை, அவற்றைத் தாக்க முடியாது என்றார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் கணிப்பொறி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் நாளே ‘செர்ட்-இன்’ என்ற மத்திய அரசு அமைப்பு அதைக் கண்டு தெரிவித்திருந்தது. தீநிரல் இருந்த கணிப்பொறி நிர்வாக வேலைக்கானது, இணையத்தோடு இணைந்தது, உலையை இயக்கும் வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்கு ஊறு நேரவில்லை என்றும் கழகம் விளக்கியது.

எண்ணிப் பாருங்கள்! பிரித்து வைத்திருந்ததே அன்று காத்தது. ஆகவே வெளிவாசலில் ஒரு சுவர் போதாது. வீட்டுக்குள்ளும் அறைக்கு அறை சுவர் வேண்டும். அடுத்து, கேடு புகுந்த செய்தியை வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. பதிவேடு இருந்தால் மட்டும் ஆகாது. அதை நாள்தோறும் வாசிக்கும் கண் வேண்டும். மூன்றாவது, முதல் நாள் மறுப்பும் மறுநாள் ஒப்புதலுமாக வந்ததில், சொன்ன உண்மையையும் மக்கள் சந்தேகித்தார்கள். அணு உலையின் அருகே வாழ்கிறவர்களுக்கு முதல் நாளே முழு உண்மையும் கிடைத்திருக்க வேண்டும்.

“கம்பியை அறுத்துவிட்டால் தீர்ந்ததே!” என்பார் சிலர். ஈரானின் நடான்ஸ் அணுக்கூடம் வெளி இணையத்தோடு இணைக்கப்படாததுதான். ஆயினும் 2010-இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்ற தீநிரல் அங்கே புகுந்தது. யாரோ கையில் கொண்டுபோன யுஎஸ்பி வழியாகவே அது போயிருக்கும் என்று நம்பப்படுகிறது. “இதற்கெல்லாம் செலவாகுமே!” என்பார் வேறு சிலர். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் களவு போயிற்று. அவ்வங்கியில் தீயரணே இல்லை என்று புலனாய்வு செய்த காவல் அதிகாரி சொன்னார். மிச்சம் பிடித்த காசு எவ்வளவு, போன காசு எவ்வளவு?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பனையேறியும் கருப்பட்டி காய்ச்சியும் சேர்த்த காசு இன்று வங்கிக் கணிப்பொறியில் ஒரு வரியாக இருக்கிறது. அந்த வரிக்கு யார் காவல் என்று கேட்கும் உரிமை என் பெற்றோருக்கு உண்டு. அவர்களுக்காகக் கேட்கும் கடமை எனக்கு உண்டு. உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் திட்டம் வந்திருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். இவற்றுக்கெல்லாம் சுவர் எழுப்பக் கருவி வாங்குவார்கள், வாங்கட்டும். அக்கருவியின் விதிகளை எழுதவும், பழைய விதிகளை நீக்கவும், பதிவேட்டை வாசிக்கவும் ஊதியம் பெறும் ஆட்களையும் நியமிக்க வேண்டும். மின் நிலையத்துக்கு மட்டுமன்று, வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கூட்டுறவு வங்கிக்கும் அத்தகையோர் வேண்டும். அவ்வேலையைக் கற்க நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வகை செய்யட்டும். கற்க நாங்கள் இருக்கிறோம். ஆடு வேலியைத் தாண்டுவதைவிடத் திறந்து கிடக்கும் படல் வழியே நுழைவதுதான் அதிகம் என்பதை விளைக்காரர் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.