ஓட்டையைத் தேடாமல் கேஸ் போடுவதை நிறுத்துங்கள்

வெயில் ஏறியதும் கார் ஏசி பட்டறைகளில் எந்தக் கோளாறுக்கும் ஒரே பதில்தான் வருகிறது: "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாம்." பிரஷர் மீட்டரை மாட்டும் முன்பே சொல்லப்படும் இந்தத் தீர்ப்பை வன்மையாகக் கண்டிக்கிறோம். சோதிக்காமல் பணம் வாங்குவதற்குப் பெயர் பழுதுபார்ப்பு அல்ல.

கார் ஏசி ஒரு மூடிய சுற்று. அதிலுள்ள வாயு ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. ஹோஸ் வழியாகவும் சீல் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கசியலாம். போன கோடையில் போட்ட கேஸ் இந்தக் கோடையில் இல்லையென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கல்லடி பட்ட கண்டென்சரோ, இறுகிப்போன ஓ-ரிங்கோ, டேஷ்போர்டுக்குள் அரித்துப்போன கூலிங் காயிலோ, அதைத் தேடிப் பிடிப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் பல கசிவுகள் அங்கேயே தெரிந்துவிடும். சரிசெய்த பின் வேக்குவம் பம்ப் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அதை நிறுத்திய பிறகும் முள் அசையக் கூடாது. அதன் பிறகே, பானட்டின் கீழ் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் கிராம் கணக்கில் எடைபோட்டுக் கேஸ் ஏற்ற வேண்டும். பல இடங்களில் நடப்பதோ, கேனைத் திருகிவிட்டு ஏசி காற்றில் கையை நீட்டிப் பார்ப்பது!

குளிர் குறைந்தால் கேஸ்தான் காரணம் என்று யார் சொன்னது? கேஸ் குறைந்திருந்தால் மீட்டரின் இரண்டு முள்ளும் தாழ்ந்து நிற்கும். கண்டென்சர் விசிறி நின்றிருந்தால் உயர் அழுத்த முள் எகிறும். அந்த வண்டியில் மேலும் கேஸ் ஏற்றுவது ஆபத்து. கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலே காற்று வராது. அதற்கும் கேஸ் பில்!

கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்தே சுற்றி வருகிறது. கசிவோடு ஓடும் வண்டியில் ஆயில் திரும்பாமல் கம்ப்ரசர் ஒருநாள் இறுகிப்போகும். மாதத் தவணை கட்டவே திணறும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு அந்தச் செலவு பேரிடி.

கேடு அவரோடு முடிவதில்லை. நம் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. ஒரு காரிலிருந்து அரைக் கிலோவைத் திறந்துவிடுவது சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. டெல்லியில் ஏற்றுக்கொண்டதைப் பட்டறை வாசலில் காற்றில் விடுகிறோம். அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு கார் ஏசியின் வாயுச் சுற்றைத் தொட முடியாது. வாயுவை வேண்டுமென்றே திறந்துவிடுவது அங்கே குற்றம்.

இங்கும் அதைச் சட்டமாக்குங்கள். பழைய வாயுவை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு ஏசி பட்டறையிலும் கட்டாயமாக்குங்கள். சிறு பட்டறைகளுக்கு அதை வாங்க அரசு மானியம் தரட்டும், மெக்கானிக்குகளுக்கு ஐ.டி.ஐ.க்களில் இலவசப் பயிற்சி தரட்டும். கார் நிறுவனங்களின் சர்வீஸ் மையங்களுக்கும் விலக்கு கூடாது. கசிவு எங்கே இருந்தது, எத்தனை கிராம் ஏற்றப்பட்டது என்ற இரண்டும் எழுதப்படாத கேஸ் பில் செல்லாது என்ற உத்தரவு அடுத்த கோடைக்கு முன் வந்தாக வேண்டும்.